ஷமீமா சந்து

கலா அக்காவின் போன் வந்தபோது நான் கம்பெனியில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். "மோனிஷா, எங்க கீற? நம்ம ஷமீமாவ தண்ணி லாரி அடிச்சிடுச்சிடி. ஜங்ஷன்ல, வலது பக்கம் திரும்பசொல்ல" என்றார். "வலது பக்கமா?" என்றுதான் கேட்டேன். உயிர் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. ஷமீமா அக்கா சைக்கிளில் வலது பக்கம் திரும்புகிறவரே இல்லை.

செம்பாக்கத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்துத் தையல் கம்பெனிக்குச் சைக்கிளில் வரும் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. இரங்கல் கூட்டத்தில் மைக்கை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்தேன். எனக்கு முன்னால் பேசிய ஒருவர் "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். சாப்பாட்டு நேரத்தில் என் போனில் இணைய வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம் அது. இரண்டு இடங்களைச் சொன்னால் நடுவே ஒரு நீலக்கோடு போட்டு வழி காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே அக்காவுக்குக் கோபம் வரும். "இன்னா மேப்பு இது? பொம்பளய கொண்டாந்து லாரி எதிர்ல வுடுது. இடது பக்கம் இழுடி" என்பார். நான் விரலால் கோட்டை இழுப்பேன். பெரிய சாலையில் ஓரிடத்தில்கூட வலது பக்கம் திரும்பாதபடி, சந்து சந்தாக வளைத்து வழி போடுவோம். அதனால் காலையில் வந்த பாதையில் மாலையில் திரும்ப முடியாது. "போற வழி வேற, வர்ற வழி வேற. வூடு மட்டும் ஒண்ணுதான்" என்பார் அக்கா.

வரைந்ததோடு விடவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து திட்டுவார். "நீ போட்ட ரூட்ல ஒரு கருப்பு நாய் கீது. அதையும் மேப்புல போடு. பேஜாரா பூட்ச்சி எனக்கு."

குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு நாம் சைக்கிளில் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வழி போட்டது அக்காதான். பம்மலில் வலது பக்கம் ஒரே ஒரு திருப்பம் திரும்பியிருந்தால் நேராகப் போயிருக்கலாம். அக்கா விடவில்லை. தோல் ஷெட் வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டறைத் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கலா அக்கா மூச்சு வாங்க, "முருகரே உலகத்த ஒரு தபாதான் சுத்துனாரு. இந்த பாய் வூட்டு அம்மா நம்மள மூணு தபா சுத்த வுட்டுச்சே" என்றார். "உங்க சாமி மயில்ல போச்சி. மயில லாரி இடிக்காது. நீ மேல போய் கும்பிட்டுட்டு வா, நான் சைக்கிள பாத்துக்கறேன்" என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார் அக்கா. நாம் இறங்கி வந்தபோது எல்லோருடைய டயருக்கும் காற்று அடித்து வைத்திருந்தார்.

கம்பெனிக்குப் போகும் வழியில் ஜங்ஷனைத் தவிர்க்க நமக்கு இருந்தது ஒரே சந்துதான். பெரிய அபார்ட்மெண்டின் பின்சுவரை ஒட்டிப் போய்க் கம்பெனித் தெருவில் விடும் சந்து. ஒரு நாள் நீலக்கோடு அந்தச் சந்துக்குள் போகாமல் ஜங்ஷனுக்குப் போனது. வரைபடத்தில் யாரோ சந்தைத் தனியார் வழி என்று மாற்றியிருந்தார்கள். மறுநாள் அக்காவும் நானும் போய்ப் பார்த்தால் இரும்புக் கேட், பூட்டு. உள்ளே அபார்ட்மெண்டின் செக்ரெட்டரி நின்றிருந்தார்.

"இது பிரைவேட் பிராப்பர்ட்டிம்மா. மேப்லயே போட்டிருக்கு பாருங்க" என்றார்.

"போட்டது யாரு சார்?" என்று கேட்டார் அக்கா.

"நான்தான் போட்டேன். எங்களுக்கு செக்யூரிட்டி முக்கியம் இல்லையா? கண்டவங்க வந்துட்டுப் போனா எப்படி?"

"கண்டவங்க இன்னா, உன் வூட்டு குக்கர தூக்கினு போயிட்டாங்களா? சைக்கிள்ல போறதுக்கு வழி கேட்டா, செக்யூரிட்டின்றியே சார்."

"மெயின் ரோடு இருக்கில்ல, அதுல போங்க. சுத்தினா என்ன குறைஞ்சுடப் போறீங்க?"

இந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்க மாட்டேன். அந்த வாரம் முழுக்க ஜங்ஷனில் அக்கா இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் சாலையைக் கடந்தார். அப்படித் தள்ளிக்கொண்டு வலது பக்கம் திரும்பியபோதுதான் லாரி மோதியது. வேகமாக வந்த டிரைவர் மேல் வழக்கு நடக்கிறது. ஆனால் அந்த லாரி தண்ணீர் கொண்டுபோன இடம் அதே அபார்ட்மெண்ட். அக்கா ரோட்டில் கிடந்த அன்றைக்கு அவர்கள் வேறு லாரி வரவழைத்துக் குளித்தார்கள். பிறகு மாலையோடு இரங்கல் கூட்டத்துக்கு வந்து "எல்லாம் விதி" என்றார் செக்ரெட்டரி. விதிக்குப் பூட்டும் சாவியும் உண்டா என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

வாய்க்குப் பதில் எனக்கு விரல் இருக்கிறது. சந்தின் முனையில், அபார்ட்மெண்ட்காரர்கள் வரிசையாக வைத்த பூந்தொட்டிகளுக்குப் பின்னால், இது பொதுத் தெரு என்று பழைய ஊராட்சி நட்ட கல் இன்னும் இருந்தது. தொட்டிகளை நகர்த்திப் படம் எடுத்தேன். கலா அக்கா அந்தப் படத்தோடு நகராட்சிக்கு நடையாய் நடந்தார். ஆட்கள் வந்து பூட்டை அறுத்தார்கள். நான் வரைபடத்தில் "தனியார்" என்பதை எடுத்தேன். செக்ரெட்டரி மறுபடி போட்டார். கல்லின் படத்தைச் சேர்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்து முன்பின் தெரியாத யாரோ "தனியார்" என்பதை நீக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

எனக்கு அது போதவில்லை. சந்துக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. நானாக ஒரு பெயரை எழுதினால் நிற்காது. அங்குள்ளவர்கள் வாயில் வழங்கும் பெயராக இருந்தால்தான் நிற்கும். ஆகவே நாம் வழங்க வைத்தோம். டீக்கடையில் சொன்னோம், இஸ்திரி வண்டியில் சொன்னோம், ஷேர் ஆட்டோவில் "ஷமீமா சந்து முனையில எறக்கி வுடுங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லி இறங்கினோம். கடைசியில் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனே அப்படிச் சொல்ல ஆரம்பித்தார். அதன் பிறகுதான் எழுதினேன். எழுதியது நிற்கிறது.

போன வாரம் நான் அந்த வழியாக வந்தபோது செக்ரெட்டரி பின்பக்க கேட்டில் நின்று, சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தார்.

"ஜங்ஷன்ல திரும்பாதப்பா. பின்பக்கமா வா. அந்த சந்து இருக்கில்ல..."

"எந்த சந்து சார்?"

செக்ரெட்டரி என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன்.

"ஷமீமா சந்து."

"கேக்கல சார்."

"ஷமீமா! ஷமீமா சந்து!"

நான் பெல் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மன்னித்துவிடு, நீ சின்னப் பெண் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். மன்னிப்பது அக்கா செய்ய வேண்டிய வேலை, அவரைத்தான் ஜங்ஷனுக்கு அனுப்பிவிட்டார்களே. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கோட்டை இடது பக்கம் இழுக்கும் விரல். அதோடு ஒரு வைராக்கியம். வேலை இல்லாத நாளிலும் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறேன். செக்ரெட்டரிக்குப் பசிக்கும் நாளெல்லாம் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் அவர் சாப்பிட வேண்டும்.