தோட்டவீடு விற்றுக்கொண்டிருந்தவர்

ஆந்திர எல்லைத் தகராறு ஓயாத காலம். கிராமத்து வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, பாலசமுத்திரத்துப் பக்கம் விலைக்கு வந்த தோட்டவீட்டைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து போனேன். சொந்தக்காரருக்குத் தலையைவிட முண்டாசு பெரிது. எதைக் கேட்டாலும் கொட்டாவி விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“கெணத்துல தண்ணி இருக்கா?”

கொட்டாவி. “நீங்களே எறைச்சிப் பாருங்க சாமி.”

சட்டையைக் கழற்றிவிட்டு இறைத்தேன்.

“இந்த ஊர் ஆந்திராவுக்கா, மெட்ராசுக்கா?” என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

“அத்த சர்க்காரு சொல்லும். தண்ணி இப்ப கத்திரிப் பாத்திக்குப் போய்க்கினு கீது, நிறுத்தாதீங்க.”

கடைசிப் பாத்தியும் நனைந்ததும், வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்வதாகக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது வண்டிக்காரர் சிரித்தார். “போன மாசம் வந்தவரு மண்ணு எப்படின்னு கேட்டாரு. அந்தப் பாத்தியெல்லாம் அவரு கொத்தினதுதான்.”

காய் பறிக்க யாரைப் பிடித்தாரோ, இன்றுவரை யோசிக்கிறேன்.