ஐந்து வெற்றி போதாது

ஓய்வு பெற்ற பிறகும் பஹ்ரைன் தலைநகர் மனாமாவை விட்டு என்னால் வெளியேற முடியவில்லை. நான் நிர்வாக மேலாளராக இருந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். மூடிய நிறுவனத்தின் மேல் ஒரு வழக்கு. கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர் என்று பதிவேட்டில் இருப்பது என் பெயர். அதை நீக்கும்வரை எனக்குப் பயணத் தடை. நீக்கச் சொல்லி நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம்தான் இல்லையே. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் விசாவைப் புதுப்பித்துக் கொடுத்தவன் நான். இந்த முடிச்சின் அழகை என்னைப்போல் ரசிக்கக்கூடியவர் நாங்கள் குடியிருக்கும் குதைபியாப் பகுதியில் வேறு யாருமில்லை.

மனைவியின் விசா என்னுடையதில் தொங்குகிறது. அவள் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. எங்கள் மூவரில் நகரக்கூடியவள் அமெரிக்காவில் படிக்கும் மகள் மட்டும்தான். கோடையில் அவள் வரவில்லை. டிசம்பரில் வருவாள் என்பதை வைத்துத்தான் மனைவி நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

குறுக்கே வந்தது அமெரிக்கக் கால்பந்து. மகள் பல்கலைக்கழக இசைக்குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். அணி போகுமிடமெல்லாம் குழுவும் போக வேண்டும். அங்கே கல்லூரி அணிகளுக்குப் பருவம் முடிந்ததும் 'பவுல்' என்று ஒரு கூடுதல் ஆட்டம் உண்டு. பெரும்பாலான பவுல்களில் அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. வென்றவர் கோப்பையோடும் தோற்றவர் வெறுங்கையோடும் வீட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கும் தகுதி வேண்டும்: பன்னிரண்டில் ஆறு வெற்றி. கீழ்ப்பிரிவு அணிகளை எத்தனை முறை அடித்தாலும் அதில் ஒன்றைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். விதிகளைப் படித்து வைத்துக்கொண்டேன். பிழைப்பே அதுதானே.

நவம்பர் கடைசியில் மகளின் அணி ஐந்து வெற்றியோடு நின்றது. ஓர் ஆட்டம் பாக்கி. வென்றால் விடுமுறையில் அவள் ஏதோ ஒரு மைதானத்தில். தோற்றால் எங்கள் வீட்டில்.

ஆட்டம் பார்க்கக் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் மேலே வந்தார்.

"சார், நம்ம புள்ள காலேஜ் எந்தச் சட்டை?"

"செவப்பு."

"அப்ப செவப்பு ஜெயிக்கணும்."

"தோக்கணும்," என்றாள் மனைவி.

"என்னக்கா, சொந்தக் காலேஜை இப்படிச் சபிக்கிறிய!"

"எம்பொண்ணு வரணும்ல. விழட்டும்."

விழுந்தது. கடைசி நிமிடத்தில் சிவப்புச் சட்டைக்காரன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மனைவி கைதட்டினாள். "அந்தக் கம்பத்தைக் கூட்டிவந்து ஒரு பிரியாணி போடணும் சார்," என்றார் கடைக்காரர்.

நான் உடனே உட்கார்ந்து மகளுக்கு டிக்கெட் எடுத்தேன். மாற்ற முடியாத, மலிவான டிக்கெட்.

"ஏங்க, ஒரு வாரம் பொறுத்துப் பாப்பமே?"

"அஞ்சு ஜெயிச்சாப் போதாதுடி. ரூல் ரூல்தான்."

அடுத்த வாரம் மகள் அழைத்தாள். "ப்பா! எங்க டீம் உள்ள போயிடுச்சு!"

"எப்படி? ஆறு வேணுமே?"

"பவுல் நிறைய இருக்குப்பா, ஆறு ஜெயிச்ச டீம் பத்தல. அப்ப அஞ்சு ஜெயிச்சவங்கள்ல யாரோட ப்ளேயர்ஸ் நல்லாப் படிக்கிறாங்களோ அவங்களைக் கூப்பிடுவாங்க. அதுல நாங்கதான் டாப்!"

மேலே இருக்கும் விதி ஊருக்கு, நமக்கு வேண்டியது அடியில் இருக்கும் விதிவிலக்கு என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை விதி எனக்குச் சாதகமாக இருந்ததால் அதற்குக் கீழே படிக்கவில்லை.

மனைவி போனை வாங்கினாள். "பந்து விளையாடப் போனவனுங்க எதுக்குடி படிச்சுத் தொலைச்சானுங்க?"

"அம்மா, நான் பேண்டோட போகலைன்னா ஸ்காலர்ஷிப் போயிடும்மா. ஆட்டம் முடிஞ்சா உடனே காலேஜ் ஓப்பன்."

"சரி, போ. நல்லா ஊது," என்று மனைவி போனை என்னிடம் நீட்டினாள். பிறகு கேட்டாள்: "உங்க கேஸ்லயும் இப்படி அடியில ஏதாவது ஒரு வரி இருக்கும். பாருங்களேன்."

"பாத்துட்டேன்."

"அதையும் இப்படித்தான் பாத்தீங்களா?"

வழக்குக் கோப்பை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை.

பவுல் ஆட்டத்தன்று கடைக்காரர் வரவில்லை. யார் பக்கம் கத்துவது என்று அவருக்கும் குழப்பம். இருவர் மட்டும் பார்த்தோம். யார் ஜெயித்தாலும் எங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. இடைவேளையில் கேமரா சில நொடி இசைக்குழுவின் மேல் போனது. எல்லோருக்கும் ஒரே சிவப்பு அங்கி, ஒரே உயரத் தொப்பி, முகத்தில் பாதியை மறைத்த ட்ரம்பெட்.

"அதோ! ரெண்டாவது வரிசை!"

"அது ஆம்பளப் பையன்டி."

"எம்பொண்ணு எனக்குத் தெரியாதா?"

விளம்பரம் போட்டுவிட்டார்கள். அது முடியும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.