ஆறாத பால்

பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உடையார்பாளையம் பக்கம் எங்கள் ஊர். அங்கே தெருமுனைக் கொட்டகையில் பால் பிடிப்பவர் அவர்தான், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஒவ்வொருவர் பாலிலும் கண்ணாடிப் பால்மானியை மிதக்கவிடுவார். உயர நின்றால் நல்ல பால். அமிழ்ந்தால் தண்ணீர் கலந்த பால் என்று எல்லார் எதிரிலும் வேப்பமரத்தடியில் கொட்டிவிடுவார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

கொட்டகைக்கு அடுத்த வீடு எங்களுடையது. அம்மா கறந்த கையோடு, நுரைகூட அடங்காத பாலைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. புதிதாகக் கலப்பின மாடு வாங்கியிருந்த சமயம், ஒருநாள் பால்மானி அமிழ்ந்தது. பெரியப்பா வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, மாட்டக் குளிப்பாட்டுனியா, பாலக் குளிப்பாட்டுனியா?"

"சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படல மாமா" என்றாள் அம்மா.

பால் மரத்தடியில் ஓடியது. வரிசையில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குத் தண்ணிப்பால் வீடு என்று பெயர். அம்மா நல்லது கெட்டதுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

பெரம்பலூரில் காலேஜ் சேர்ந்து கெமிஸ்ட்ரி படித்தேன். சூடு ஏறினால் திரவம் விரியும், அடர்த்தி குறையும், மிதக்கும் பொருள் அதில் இன்னும் கொஞ்சம் அமிழும். லேபில் இதைச் செய்து பார்த்தபோது எனக்குப் பெரியப்பாவின் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. ஒரு பால்மானி வாங்கி, ஹாஸ்டல் பாலைச் சூட்டோடு ஒருமுறையும் ஆறவிட்டு ஒருமுறையும் பார்த்தேன். அடப்பாவி மனுஷா! தூரத்துக் கொல்லைகளிலிருந்து வருகிறவர்களின் பால் வழியிலேயே ஆறிவிடும். பழைய நாட்டு மாட்டுப் பால் கெட்டி, சூட்டோடு போனாலும் தப்பித்தது; கலப்பின மாட்டின் மெல்லிய பால் மடிச்சூட்டோடு போய் மாட்டிக்கொண்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "வுட்டுத் தொலடி" என்பாள். விடுவதாவது!

லீவில் ஊருக்கு வந்ததும் விடிகாலையில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகைக்குக் கிளம்பியிருந்தார். அவர்கள் வீட்டிலும் அதே கலப்பின மாடுதான். பெரியம்மா கறந்துகொண்டிருந்தாள். காப்பிக்கு என்று கேட்டேன். பாவம், நம்பி ஊற்றினாள். அம்மாவின் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வண்டியை முறுக்கினேன். வாளி வெதுவெதுவென்றே இருந்தது.

வரிசை நிறைந்திருந்தது. அம்மாவும் கடைசியில் நின்றாள். நான் நேராக முன்னால் போய் வாளியை நீட்டினேன். பெரியப்பா பால்மானியை விட்டார். அது அமிழ்ந்தது.

"இன்னும் புத்தி வரலியா ஒங்க வூட்டுக்கு?" என்று வாளியைத் தூக்கினார்.

"கொட்டுங்க பெரியப்பா. ஒங்க மாட்டுப் பால்தான். இப்பதான் பெரியம்மா கறந்து குடுத்துச்சு."

அவர் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன். எனக்கு இனித்தது. ஆனால் அந்த மனுஷன் தோற்கிற ஆளா? மீதிப் பாலோடு அப்போதுதான் வந்து சேர்ந்த பெரியம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏண்டி, தண்ணி ஊத்துனியா?"

பெரியம்மா கையிலிருந்த பாலைக் கீழே வைத்தாள். நான் ஓங்கிய அடி யார் மேல் விழுந்திருக்கிறது! "சூடு பெரியப்பா, சூட்டுல அப்டித்தான் காட்டும்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அம்மாதான் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அக்கா மேல பழி போடாதீங்க மாமா. அது ஆறட்டும். ஆறுனப்பறம் வுட்டுப் பாருங்க."

"ஆமாங்க, பாத்துருவோம்" என்றார் வரிசையில் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்து எல்லாரும் காத்திருந்தார்கள். ஆறிய பிறகு பால்மானி உயர நின்றது. பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா தரையைப் பார்த்தார்.

"தப்புன்னு எங்கம்மாட்ட சொல்லுங்க பெரியப்பா" என்றேன். அவர் பால்மானியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. வரிசையைத்தான் பார்த்தாள்.

"அக்காவுக்கு ஆறுற வரைக்கும் நின்னீங்க. எனக்கு ஒருத்தரும் நிக்கலியே" என்றாள்.