ஊசிக்கார சாயபுவின் தலைப்பாகை

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு வருஷம் தவறாமல் ஏறி இறங்கிய ஒரே சர்க்கார் உத்தியோகஸ்தர் அப்துல் ரஷீத். பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் வேலை. கீழ் வளைவில் அவர் குடை தெரிந்தாலே போதும், மலையில் பிள்ளைகள் மாயமாகிவிடுவார்கள். சாமைக் குதிருக்குள் இரண்டு, வைக்கோல் போருக்குள் நாலு.

"எங்கூட்ல கொழந்தையே இல்லைங்க சாயபு!" என்று குதிரில் சாய்ந்து நின்றபடியே தாய்மார்கள் கூசாமல் சொல்வார்கள்.

ரஷீத் சண்டைக்குப் போகமாட்டார். "அப்படியா? அப்போ இந்தக் கமர்கட்டை நானே தின்னுக்கறேன்" என்று சப்புக்கொட்டுவார். குதிருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீளும். பிடித்த கையை மனுஷர் விடுவாரா?

குத்துவது பெரிதல்ல, அது காயும்வரை காவல் காப்பதுதான் பெரும்பாடு. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து மருந்தை அழித்துவிடுவார்கள். ஊசி பட்டால் ஆத்தாளுக்குக் கோபம் வருமாம். இதில் பலே கைகாரி மலைக்காரி செல்லி. அதனால் ரஷீத் ஒவ்வொரு கையையும் தானே பிடித்து, வாயால் ஊதிக் காயவைத்த பிறகுதான் விடுவார்.

இத்தனை செய்தும் என்ன? கீழூர்களில் அம்மை ஆட்டிவைத்த வருஷங்களிலும் மலை தப்பித்தது. உடனே மாரியம்மனுக்கு விழா. ஊர்க்கவுண்டர் மல்லையன் வேண்டியவர்களுக்கெல்லாம் தலைப்பாகை கட்டி மரியாதை செய்வார். பூசாரிக்கு ஒன்று, கிடா கொடுத்தவனுக்கு ஒன்று, அறுத்துக்கொண்டு ஓடிய கிடாவைப் பிடித்து வந்தவனுக்குக்கூட ஒன்று. ரஷீத்துக்கு ஒரு கும்பிடுகூடக் கிடையாது. உள்ளுக்குள் அவருக்கு வயிறு எரியும். மாரியம்மனோடு போட்டிக்கு நிற்க முடியுமா?

"பன்னெண்டு வருசமா ஏறுறீங்க. ஒரு முழத் துணி கெடைச்சுதா?" என்று வீட்டில் மனைவி ஜுபைதா சீண்டுவாள்.

"அடுத்த வருசம் பாரேன்" என்பார். தலைப்பாகைக்கு எப்படித் தலை குனிவது என்று அவர் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தது அவளுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஏரியூர்ப் பக்கம் அம்மை கண்டது. மலையை அது தொடவில்லை. விழாவுக்கு வந்த ரஷீத்தின் காதருகே மல்லையன் குனிந்தார்.

"இந்த வருசம் மொதல் தலைப்பாகை ஒங்களுக்குத்தானுங்க. மூணு தரம் கூப்புடுவேன். வராட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும், அதான் மொற."

ரஷீத் உடனே தொப்பியைக் கழற்றித் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பெண் குழந்தை கண்ணில் பட்டாள். மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் அம்மை குத்திய தழும்பு இல்லை.

"அது யாரு பொண்ணு?"

"செல்லியோட அக்கா மவ. நேத்துத்தான் ஏரியூர்லேருந்து வந்துச்சு."

ரஷீத்துக்குப் பகீரென்றது. ஊசிப் பெட்டியைத் தூக்கினார். அதைப் பார்த்ததும் செல்லி குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினாள். இன்று விட்டால் பிறகு காட்டுக்குள்தான் தேட வேண்டும். ஏரியூரிலிருந்து வந்த உடம்புக்கு அவ்வளவு அவகாசம் இருக்குமா? மாட்டுக்கொட்டகையில் இருவரையும் மடக்கி, குழந்தையின் வாயில் கமர்கட்டைத் திணித்துக் கையில் குத்தி முடித்தார். ஊத ஆரம்பித்தார்.

"ஊசிக்கார சாயபு!" மல்லையனின் குரல் கேட்டது.

கை காயவில்லை.

"ஊசிக்கார சாயபு!"

"ஒங்களைத்தான் கூப்புடறாங்க, ஓடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் செல்லி. அவள் முந்தானை முடிச்சில் எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்தது.

"நீ பாத்துக்கற அழகு எனக்குத் தெரியாதா, தாயி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷ ஆசை, இருக்காதா?

செல்லி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, பழத்தைக் கொட்டகைக்கு வெளியே வீசினாள். அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, குழந்தையின் கையைப் பிடித்துத் தானும் ஊதினாள்.

மூன்றாவது தரமும் கூப்பிட்டார்கள். சற்றுப் பொறுத்து மேளம் அதிர்ந்தது; தலைப்பாகை வேறு யாருக்கோ ஏறிவிட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை இன்னும் காய வேண்டியிருந்தது.