முடிச்சு விழாத துணி

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு துணி இருக்கிறது. பழைய நூல் புடவையிலிருந்து நீளவாட்டில் கிழித்தது. ஒரு காலத்தில் கிளிப்பச்சையாக இருந்தது. துவைத்துத் துவைத்து இப்போது வெந்த கீரை நிறத்துக்கு வந்துவிட்டது. முழங்கால்மேல் விரித்துப்போட்டு உள்ளங்கையால் நீவினால் மடிப்புக் கோடுகள் மட்டும்தான் தெரியும். முடிச்சுப் போட்ட சுருக்கம் எங்கேயும் இருக்காது. அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் அம்மா ஜீப்பில் வந்துபோன காலம் ஒன்று உண்டு. இப்போது அதைக் கேட்க யாருமில்லை. ஆனாலும் நான் நீவித்தான் மடித்து வைக்கிறேன்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். படிப்பு வராமல் இல்லை. அம்மா கரும்பு வெட்டப் போன பிறகு தம்பி வீட்டில் தனியாக என்ன ஆகிறானோ என்ற நினைப்பிலேயே வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். வாத்தியார் சொல்வது காதில் ஏறாது. ஒரு நாள் அவனுக்காக வீட்டில் நின்றேன். அப்புறம் போகவே இல்லை. "உனுக்கு உலையில தண்ணி வெச்சாலே வூடு பத்திக்குமோன்னு பயம்டி" என்று அம்மா சொல்வாள். கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தோடுதான் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன்.

இல்லத்துக்கு முன்னால் மரவள்ளிக் கொல்லை, பின்னால் கல்வராயன் மலை. மழை விட்ட நாளில் மலை கிட்டே வந்து நிற்பதுபோல் இருக்கும். நான் சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஓர் அம்மா குளியலறையில் விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, திரும்ப எழுந்திருக்காமலே போய்விட்டாராம். அந்த அம்மாவின் பிள்ளைகள் வந்து போட்ட சத்தத்தில் பொறுப்பாளர் ஐயா நடுங்கிப்போயிருந்தார். அன்றிலிருந்து, தள்ளாடி நடப்பவர்களையும் சொல்லாமல் வெளியே போகிறவர்களையும் கட்டிலோடு கட்டி வைப்பது இல்லத்தின் வழக்கமாகிவிட்டது. கயிறு இல்லை, துணிதான். இறுக்கமும் இல்லை, எழுந்து நிற்க முடியாத அளவுக்கு மட்டும். கட்டுகிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பத்திரம் பண்ணிட்டியாம்மா?" என்று பொறுப்பாளர் ஐயா கேட்பார். பண்ணிவிட்டேன் என்பேன்.

அப்படிப் பத்திரம் பண்ணப்பட்டவர்களில் ஒருவர் மலைக்காரர். வெள்ளிமலைப் பக்கம் மாடு மேய்த்து, கடுக்காய் பொறுக்கி வாழ்ந்தவர். மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அக்கா மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வந்த மறுநாளே மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். லாரி போகிற சாலையிலிருந்து அவரைப் பிடித்துக் கூட்டி வந்தேன். மற்றவர்களைக் கட்டுகிற துணி சொரசொரப்பாக இருந்ததால், என் சொந்தப் புடவை ஒன்றைக் கிழித்து அவருக்குக் கட்டினேன். அவர் திமிறவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புதுசா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தவரை, அரசாங்கத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் முன்னாலேயே போன் செய்துவிட்டு வருவார்கள். பினாயில் ஊற்றிக் கழுவுவோம், புதுப் போர்வை விரிப்போம், ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்போம். கட்டையும் அவிழ்த்துவிடுவோம். வருகிறவர்கள் வாசலில் நின்று, "ஏதாவது குறை இருக்கா?" என்பார்கள். ஒரு குறையும் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். குறை சொல்லி, இல்லத்தை மூடிவிட்டால் எங்கே போவது?

மாவட்டம் பிரிந்து கள்ளக்குறிச்சிக்கே ஆபீஸ் வந்த பிறகு ஒரு மேடம் வந்தார். போன் கிடையாது, நேரமும் கிடையாது. முதல் தடவை வந்தது சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்திருந்த வேளை. ஆபீஸ் அறையில் போட்ட நாற்காலியில் அவர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார். ஈரத் தரையில் கால் வைத்துப் பார்த்தார். மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். எந்த ஊர்க்காரரோ, எங்கள் 'இன்னா' அவர் வாயில் வரவே வராது. குறை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நேத்து எங்க உக்காந்திருந்தீங்க?"

ஒருவர் கட்டிலைக் காட்டினார். இன்னொருவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். மலைக்காரர் போர்வையை விலக்கி, இடுப்பில் இருந்த பச்சைத் துணியைக் காட்டினார்.

பொறுப்பாளர் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். பிறகு துணியை முழங்கால்மேல் போட்டு நீவி, நாலாக மடித்து, "யார் கட்டினது?" என்றார்.

"நான்தாங்க."

"ஏம்மா?"

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "வுழுந்துட்டா இன்னாங்க பண்றது? ரோட்டுக்குப் போயி லாரில அடிபட்டா யாருங்க பதில் சொல்றது? நீங்க அவுத்துட்டு ஜீப்புல ஏறிப் போயிடுவீங்க. நான்தாங்க ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு கெடக்கணும்" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்தேன். சமையல்காரம்மா பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள்.

மேடம் கோபப்படவில்லை. "சரி, உனக்கு எதுக்கெல்லாம் பயம்? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றார்.

என் வாழ்க்கையில் என் பயத்தை யாரும் கேட்டதில்லை. கேலி செய்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். ஆனால் கேட்டதில்லை. நான் சொன்னேன். கட்டில் உயரம், இறங்கும்போது கால் தரைக்கு எட்டாது. குளியலறைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த மூலையில் விளக்கு எரிவதில்லை. ரப்பர் செருப்பு தேய்ந்து வழுக்குகிறது. கேட் கொண்டி சரியாக விழாது. சொல்லச் சொல்ல, மேடம் பொறுப்பாளர் ஐயாவைப் பார்த்து, "எழுதிக்கிட்டீங்களா சார்?" என்றார். கடைசியில் அவரிடம் சொன்னார்: "இதெல்லாம் சரி பண்ணுங்க. அடுத்த தடவை வரும்போது ஒருத்தர் இடுப்பில துணி இருந்தாலும் லைசென்ஸுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்." போகும்போது துணியை என் கையில் வைத்தார். "உன்கிட்டயே இருக்கட்டும். வந்து கேப்பேன்."

தச்சர் வந்து கட்டில் கால்களை அறுத்தார். சுவரோரம் பைப் வந்தது, விளக்கு வந்தது. எல்லாம் வந்தும் என் பயம் மட்டும் விடவில்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டு மலைக்காரர் நடந்தால், அவர் காலைப் பார்த்துக்கொண்டே நானும் பின்னால் நடப்பேன். ஒரு நாள் திரும்பி நின்று சொன்னார்: "இந்தா பொண்ணு, எங்க மலையில மாட்டக் கட்டிப் போடமாட்டோம். மணி கட்டி வுடுவோம். அது பாட்டுக்குக் காட்டுல மேயும். சத்தம் கேக்குதா, மாடு இருக்குது. அவ்ளோதான்." அக்கா மகனிடம் சொல்லியனுப்பி ஒரு வெண்கல மணியை வரவழைத்து, தன் ஊன்றுகோலில் தானே கட்டிக்கொண்டார். அவர் முற்றத்தில் இறங்கினால், "மாடு வருது, வைக்கோல எடுங்க" என்று சமையல்காரம்மா கத்துவாள். "கறக்க வேணாம்மே, ஒதைக்கும்" என்பார் அவர். மேடம் அடுத்த தடவை வந்தபோது அந்த மணியைப் பார்த்து முகம் சுளித்தார். மனுஷனுக்கு மணியா என்று நினைத்திருப்பார். "யார் கட்டினது?" என்று அதே கேள்வி. "நாந்தான். எங்கோலு, எம்மணி" என்றார் மலைக்காரர். மேடம் என்னிடம் திரும்பி, "துணி எங்க?" என்றார். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நீவிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

அந்த மணிச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பாத்திரம் கழுவினாலும் துணி அலசினாலும் காதின் ஒரு ஓரம் அதன்மேல் இருக்கும். அதனால்தான் அந்த மழைக்காலச் சாயங்காலம், மணி நின்றதுதான் எனக்கு முதலில் கேட்டது. ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தார். கை மணிக்கட்டு திரும்பியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வந்தோம். பொறுப்பாளர் ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். "நான் அப்பவே சொன்னேன். இன்னிலேர்ந்து பழையபடி பத்திரம் பண்ணிடு. அந்த மேடம் ஜீப்பு சத்தம் கேட்டா அவுத்துக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும். நான் துணியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். மலைக்காரர் பார்த்தார். மாவுக்கட்டுக் கையைத் தூக்கி, கட்டுவதற்குத் தோதாக இடுப்பைக் காட்டிக்கொண்டு படுத்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஒருவேளை கட்டியிருப்பேன். அவர் அப்படிப் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் முடிச்சுப் போட முடியவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மேடத்தின் உள்ளங்கை நினைவும் இருந்தது. ஒரு தடவை முடிச்சுப் போட்டாலும் துணி காட்டிக் கொடுத்துவிடும். துணியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, ஊன்றுகோலை அவர் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தேன்.

மேடம் வந்தபோது நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "வுழுந்துட்டாருங்க. நான் சொன்னேன் இல்ல?" அவர் என்னைப் பார்க்காமல் மலைக்காரரிடம் கேட்டார்: "பெரியவரே, கட்டி வைக்கணுமா?"

"கைதான ஒடஞ்சிது" என்றார் அவர். "காலு நல்லாதான கீது?"

கேட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரையும், உட்கார ஒரு பெஞ்சும் போடச் சொல்லிவிட்டுப் போனார் மேடம். கட்டக் கூடாதென்று அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் கை கடைசிவரை நேராகவில்லை. சோறு பிசைய அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தப் பெஞ்சில் அவர் எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவள் நான்தான். பிறகு ஒரு காய்ச்சலில், தன் கட்டிலில், கட்டு எதுவும் இல்லாமல் போனார். அக்கா மகன் வந்து ஊன்றுகோலையும் மணியையும் எடுத்துக்கொண்டான். "மணி மாட்டுக்கு ஆவும்" என்றான். அதுவும் சரிதான்.

கொஞ்ச நாளில் மேடத்துக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் கடைசியாகத் துணியைக் கேட்டு வாங்கி, நீவி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். "நல்லா பாத்துக்க" என்றார். யாரை, எதை என்று சொல்லவில்லை. அவர் ஜீப் ஏறிய பிறகுதான், அவரிடம் என் பயங்களைத் தவிர வேறெதுவும் நான் பேசியதில்லை என்று உறைத்தது. வீடு எங்கே, பிள்ளைகள் உண்டா, ஒன்றும் தெரியாது. ராமநாதபுரம் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நல்லவர்கள்தான். தீயணைக்கும் சிலிண்டர் வந்தது, கேமரா வந்தது. கேமரா ஓடுகிறதா, ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்து மூலையில் நிற்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாக எடுத்துக் காட்டினால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது என் முழங்கால் தேய்ந்துவிட்டது, வேலையை விட்டுவிட்டேன். கள்ளக்குறிச்சியில் எனக்கென்று ஓர் அறையும், அதற்கு முன்னால் மூன்று படியும் இருக்கின்றன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன் சுவரில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். அதற்குள்ளிருந்து அவன் குரல் வரும். அந்த அறையில் ஒரு நாளில் கேட்கிற மனிதக் குரல் பெரும்பாலும் அது ஒன்றுதான். நான் செருப்பைத் தேடினால் போதும், "யம்மா, எங்க கெளம்பிட்ட? மொழங்கால் வலின்ன இல்ல? வுழுந்துட்டா அங்க யாரு கீறாங்க?" என்பான். அவனைக் கோபிக்க முடியவில்லை. அது என் குரல்தான். நான்தான் அவனுக்குக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து துணியை எடுத்தேன். கேமராமேல் போட்டு மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூடினால் அங்கே சாப்பிடுகிற சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். அதற்குள் அவன் குரல் வந்தது: "யம்மா, இன்னா தேடிக்கினு கீற?"

"உனுக்கு எதுக்கெல்லாம் பயம்? ஒண்ணொண்ணா சொல்லுப்பா" என்றேன்.

மெதுவாகச் சொன்னான். படி. குளிக்கிற இடம். தெருமுனை நாய். போன் அடித்து நான் எடுக்காமல் இருப்பது. கடைசியில் இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

"படிக்கு ஒரு பைப் வெச்சிக் குடு. போன எடுக்கறேன். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"செரி" என்றான். பிறகு, "கையில அது இன்னாம்மா துணி?"

அதை விரித்து, உள்ளங்கையால் நீவி, கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "நல்லா பாத்துக்கோ. முடிச்சு ஒண்ணும் இல்ல" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நாலாக மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். முதல் படியில் நின்று கொஞ்ச நேரம் பயந்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தேன்.