சிவப்பு மை உள்ள பல்கலைக்கழகம்

என் அண்ணியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஸ்பைரல் அக்கா’ என்றால்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை. பதினான்கு வருடமாக மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்கு ஸ்பைரல் போட்டுக் கொடுத்தவர், முப்பத்தொன்பது வயதில் தானும் பி.பி.ஏ. படிக்கப்போவதாகச் சொன்னார். அண்ணன் “சரி” என்றான். அவன் அவ்வளவுதான் பேசுவான். மீதியைப் பேச நான் இருக்கிறேனே.

இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், ஏசி வகுப்பறை. இன்னொன்று மழை பெய்தால் வராந்தாவில் வாளி வைக்கிற பழைய இடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்காரர்களின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“இங்கதான் அண்ணி சேரணும். கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க.”

“கண்ணைத் திறந்துகிட்டே போடறேன் தம்பி. இந்த மூணு வருஷம் வீணாப் போச்சுன்னா, எனக்கு இன்னொரு மூணு வருஷம் யாரும் தரமாட்டாங்க.”

அது ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரம். கண்ணாடிக் கல்லூரி மாணவர்கள் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த ஐந்து ரிப்போர்ட்டுகளை என் முன்னால் வைத்து, “நன்றிப் பக்கத்தை மட்டும் படி” என்றார் அண்ணி. படித்தேன். முதல் மாணவன், வழிகாட்டிய தன் மறைந்த மாமாவுக்கு நன்றி சொல்லியிருந்தான். பாவமாக இருந்தது. இரண்டாமவனுக்கும் மறைந்த மாமா. ஐந்து பேருக்கும் அதே மாமா, அதே வரி. அட்டையில் பெயரை மாற்றியவர்கள் உள்ளே இருந்த மாமாவை மறந்துவிட்டார்கள்.

“ஆறு வருஷமா இந்த மாமா செத்துக்கிட்டே இருக்காரு” என்றார் அண்ணி. “வாத்தியார் ஒருத்தராவது திறந்து பார்த்திருந்தா மனுஷன் தப்பிச்சிருப்பாரு.”

அப்போது வாளிக் கல்லூரிப் பெண் ஒருத்தி மூன்றாவது முறையாக ஸ்பைரலைப் பிரிக்க வந்தாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. ‘இதை யார் சொன்னார்? நேரில் போய்க் கேட்டாயா?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி மட்டும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இது வேணும்” என்றார்.

நான் வாளியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். லிஃப்டைப் பற்றியும் சொன்னேன். எடுபடவில்லை.

மூன்று வருடம் காலையில் வகுப்பு, மாலையில் கடை. கடைசியில் தன் கடையைப் பற்றியே ரிப்போர்ட் எழுதினார்: சமர்ப்பிக்கும் வாரத்தில் கூட்டம் ஏன் நகர்வதில்லை? மெஷின் மெதுவாக ஓடுவதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். சிவப்பு மையில் திரும்பி வந்தது. ‘பார்த்தீர்களா, நினைத்தீர்களா?’

“பதினேழு வருஷமா அங்கேயே நிக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்று வீட்டில் குதித்தார். ஆனாலும் மறுநாளே கடிகாரமும் கையுமாக நின்றார். மெஷின்மேல் பழி போட்டது தப்பு. வாடிக்கையாளர்கள் கவுண்டரிலேயே நின்று பக்கம் சரிபார்ப்பதுதான் வரிசையை அடைத்தது. சுவரோரம் ஒரு மேசை போட்டார். வரிசை பாதியானது.

நான்காவது முறை ரிப்போர்ட் வந்தபோது ஒரு பொட்டு சிவப்பு இல்லை. தன் புத்தகத்துக்குத் தானே ஸ்பைரல் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் அந்த ரிப்போர்ட்டுக்குத்தான்.

போன வாரம் கண்ணாடிக் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான்.

“அக்கா, பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா? பேரை மட்டும் மாத்திக்கறேன்.”

அண்ணி தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். அவன் புரட்டினான். நன்றிப் பக்கத்தில் நின்றான்.

“யாரு அக்கா, இந்த மறைந்த மாமா?”

“எனக்குச் சரியான காலேஜைக் காட்டினவரு” என்றார் அண்ணி. “உங்க காலேஜ்ல கேட்டுப் பாரு. எல்லாருக்கும் சொந்தம்.”