அம்மா சொன்ன சுவர்

எங்கள் தாயார் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும், மகள் என்ற முறையில் எழுதுகிறேன். புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பேரையூருக்கு மேற்கே கரிசல்காட்டில். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். என் சிறு வயதிலேயே என்னைப் பெற்ற ஐயா காய்ச்சலில் போய்விட்டார். பருத்தி எடுத்தும் களை வெட்டியும் என்னை வளர்த்தார்கள். ஊரில் ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்கள் முன்னாலேயே என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். ஒரு கோடையில் பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் அடியிலிருந்து கூரைவரை பிளந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் அம்மா எழுந்து, மழைக்குள் இடித்துக் கட்டாவிட்டால் இது பிள்ளைகள்மேல் விழும் என்றார்கள். தாலியறுத்தவள் சபையில் நின்று இப்படிப் பேசலாமா என்று சலசலப்பு. ஊர்ப் பெரியவர் எழுந்துவிட்டார்.

"ஒனக்குக் கருநாக்கும்மா. பிள்ளைக படிக்கிற எடத்துல வாய வைக்காத."

"நான் சொல்லாட்டி மட்டும் நிக்கவா போகுது, அண்ணே?" என்றார்கள் அம்மா.

அதன்பின் விதைப்புக்குப் புறப்பட்டவர்கள் எதிரே அம்மாவைக் கண்டால் வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மா மதுரைக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தையே எடுத்துவிடுவோம், சுவர் எதற்கு என்று பதில் வந்தது. கருநாக்கு என்று ஏசிய தாய்மார்களும் உள்ளுக்குள் பயந்து, தங்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தத் தொடங்கினார்கள். அம்மா நேரே வாத்தியாரிடம் போனார்கள்.

"எம்மகள அந்தச் செவுத்தோரம் உக்கார வைங்கய்யா. மத்த பிள்ளைக இங்கிட்டு உக்காரட்டும்."

வாத்தியார் உட்கார வைத்தார். முதுகுக்குப் பின்னால் மண் உதிர்வதைக் கேட்டுக்கொண்டே நான் வாய்ப்பாடு படித்தேன். விழும் என்று சொன்னவளே தன் பிள்ளையை அங்கே வைத்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பள்ளிக்கூடம் நிலைத்தது. இதைத் தியாகம் என்கிறார்கள். எனக்கு அம்மாவின்மேல் வந்த ஆத்திரம் அவர்களைத் தூக்கிப்போன அன்றும் ஆறவில்லை. பெற்ற பிள்ளையை அங்கே வைக்க எப்படி மனம் வந்தது?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவர் விழுந்தது. பள்ளி விடுமுறை, யாருக்கும் ஒன்றுமில்லை. நான் உட்காரும் இடத்தில் இடுப்பளவு மண் கிடந்தது. கருநாக்கு பலித்துவிட்டது என்றது ஊர். போர்டு புதுச்சுவர் கட்டியபோது, கால்கோள் நேரத்தில் அம்மாவை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள்.

கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம், கைத்தாங்கலாகத் தன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். தெற்குச் சுவரில் மயிரிழைபோல் ஓடிய வெடிப்பைத் தடவிப் பார்த்து, "இதுவும் கெளம்பிருச்சு" என்றார்கள். துக்கம் கேட்க வந்த அதே ஊர்ப் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, போகும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அவருடைய பேரன் அங்கே படிக்கிறான். சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அந்தச் சுவரைச் சரிசெய்ய இன்றுவரை யாரும் ஒரு கூடை மண் கொண்டுவந்து போடவில்லை.

நோயில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், வண்டி கட்டி வந்து நின்ற பழைய வாத்தியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா படத்துக்கு மாலை வேண்டாம். ஐப்பசி பிறக்குமுன் என்னோடு மதுரைக்கு வந்து ஆபீஸில் நில்லுங்கள். தெற்குச் சுவரோரம் இருந்த பிள்ளைகளை வீட்டில் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். நேற்று இப்போதைய வாத்தியாரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இடத்தில் இப்போது என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.